பாடி கிட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: ஜி.எஸ்.டி. சாலையில் ஓடுமா?

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்கு இது பழகிய காட்சி. சென்னைப் பக்கமிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் நாலைந்து லாரிகள் வரிசையாக வரும். லாரி என்றால் முழு லாரி அல்ல. முன்னால் எஞ்சின், பின்னால் நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், கீழே சக்கரங்கள், அவ்வளவுதான். கேபின் இல்லை, கண்ணாடி இல்லை, கதவும் இல்லை. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் புழுதியையும் முகத்தில் வாங்கியபடி போய்க்கொண்டே இருப்பார்.

அதற்குப் பெயர் சேஸ். தொழிற்சாலையிலிருந்து அப்படியே கிளம்பி, உளுந்தூர்பேட்டையில் சேலம் பக்கம் திரும்பினால் நாமக்கல், திருச்செங்கோடு. பஸ் கட்டுவதென்றால் கரூர். அங்கே பட்டறையில் இரும்பும் மரமும் அலுமினியத் தகடும் ஏறி, ஒருநாள் முழு வண்டியாக அதே சாலையில் திரும்பி வரும். ‘பாடி கட்டுவது’ என்ற சொல்லை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதையே ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்தால்? வெளிநாடுகளில் அதைத் தங்கள் வீட்டு கார் ஷெட்டிலேயே செய்கிறார்கள். ஒரு பழைய காரை வாங்கி, அதன் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, 1950களின், 60களின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உருவத்தில் வார்த்த ஃபைபர் கூட்டை மேலே பூட்டுகிறார்கள். அந்தக் கூட்டைத்தான் ‘பாடி கிட்’ என்கிறார்கள். முடிந்ததும் கிடைப்பது ‘ரெப்ளிகா’, அதாவது அச்சு அசலான நகல். மொபைலில் இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘நாமும் ஒன்று கட்டினால் என்ன’ என்று கணக்குப் போடும் இளைஞர்கள் நம் பக்கத்திலும் இருப்பார்கள். கணக்கைத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

ஏன் நகல்?

அசலின் விலைதான் காரணம். 1962-ல் அமெரிக்காவின் கேரல் ஷெல்பி என்ற முன்னாள் பந்தய வீரர், ஏ.சி. என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் சிறிய காருக்குள் ஃபோர்டின் பெரிய வி8 எஞ்சினை வைத்தார். அதுதான் கோப்ரா. சில ஆண்டுகளில் மொத்தமே ஆயிரம் சொச்சம் கார்கள்தான் செய்யப்பட்டன. அவற்றில் முதல் கார் 2016-ல் ஏலத்துக்கு வந்தபோது 1.375 கோடி டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 90 கோடி ரூபாய்க்கு மேல். ஆசை ஆயிரக்கணக்கானவர்களுக்கு, கார் சிலருக்கு மட்டும். அந்த இடைவெளியில்தான் ஃபைபர் நகல்கள் பெருகின. இன்று அசல் கோப்ராக்களைவிட நகல் கோப்ராக்கள் பல மடங்கு அதிகம்.

வேறு வகையும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் மேல்கூடு தரைத்தட்டிலிருந்து போல்ட்டைக் கழற்றினால் தனியே வந்துவிடும். அந்தத் தட்டின் மேல் பழைய போர்ஷேயின் உருவத்தைப் பூட்டினார்கள். முதல் போர்ஷேக்களே பீட்டிலின் வயிற்றில் பிறந்தவை என்பதால் அந்தப் பொருத்தம் இயல்பாகவே அமைந்தது.

லோட்டஸ் செவன் கதை இன்னும் சுவாரசியம். 1957-ல் காலின் சாப்மன் உருவாக்கிய இந்தச் சின்ன இரண்டு இருக்கை காரை இங்கிலாந்தில் உதிரி பாகங்களாக விற்றார்கள். முழு காருக்கு இருந்த விற்பனை வரி உதிரி பாகங்களுக்கு இல்லை. ஆனால் பூட்டுவது எப்படி என்ற கையேட்டை உடன் தரக்கூடாது என்பது விதி. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? காரைக் ‘கழற்றுவது எப்படி’ என்று ஒரு கையேடு கொடுத்தது. வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான்! 1973-ல் அந்த காரின் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது. இன்றும் அதை கிட்டாக விற்கிறது.

எல்லா அசல்காரர்களும் நகலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்துவிடவில்லை. 1980களில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட ‘மயாமி வைஸ்’ டி.வி. தொடரில் நாயகன் ஓட்டிய கறுப்பு ஃபெராரி, உண்மையில் செவர்லே கார்வெட்டின் மேல் ஃபைபர் கூடு பூட்டிய நகல். ஃபெராரி அதைச் செய்தவர்கள் மீது வழக்குப் போட்டது. பிறகு தொடருக்கு அசல் கார்களையே கொடுத்தது. கதையில் அந்த நகல் ஏவுகணையில் வெடித்துச் சிதறியது.

மரக்காணத்துக் கைவேலை

ஃபைபர் கூடு வார்ப்பது வெளிநாட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போய், கடலோரக் குப்பங்களைப் பார்த்தால் போதும். கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் போட்டுகள் எல்லாம் அதே வித்தைதான். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தை இந்தப் போட்டுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டன. அவற்றை வார்ப்பதும், உடைந்த இடத்தில் ஒட்டுப் போடுவதும் நம் கடலோரத்துக்குத் தெரிந்த தொழில்.

முறை ஒன்றுதான். முதலில் வேண்டிய உருவத்தில் ஒரு மாதிரி. அதன் மேல் ஓர் அச்சு எடுக்க வேண்டும். அச்சின் உட்புறத்தில் மெழுகைத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும்; இல்லாவிட்டால் வார்த்தது அச்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் வீணாகும். பிறகு ஜெல்கோட் பூச்சு. வெளியே பளபளவென்று தெரியப்போவது இதுதான். அது பாதி காய்ந்ததும் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் காற்றுக்குமிழிகளை நசுக்கி வெளியேற்ற வேண்டும். குமிழி ஒன்று உள்ளே தங்கினாலும் பிறகு வெயிலில் நின்று நின்று அந்த இடம் கொப்பளிக்கும்.

ரெசின் இறுகுவதற்கு ஹார்டனர் கலக்க வேண்டும். பொதுவாக 100 பங்குக்கு 1 முதல் 2 பங்கு. இங்கேதான் நம் ஊர் வெயில் வேலையைக் காட்டும். குளிர் நாட்டில் எடுத்த வீடியோவில் சொல்லும் அளவை அக்னி நட்சத்திரத்தில் விழுப்புரத்துக் கொட்டகையில் அப்படியே கலந்தால், பிரஷ்ஷை எடுப்பதற்குள் டப்பாவிலேயே கல்லாகிவிடும். விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆபத்தும் உண்டு. ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வையைப் பறிக்கக்கூடியது. ரெசினை வேகப்படுத்த கோபால்ட் என்று ஊதா நிறத் திரவம் ஒன்று சேர்ப்பார்கள். அதை ஹார்டனருடன் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகுதான் ஹார்டனர். ரெசினின் நெடியும், தேய்க்கும்போது பறக்கும் இழைத் தூளும் மூச்சுக்கு ஆகாதவை. கண்ணாடி, கையுறை, முகமூடி இல்லாமல் தொடவே கூடாது. வீட்டுக் கூடத்தில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் செய்கிற வேலையே அல்ல.

கூடு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி தோன்றும். முடியவில்லை. கதவின் இடுக்கு ஒருபக்கம் விரல் நுழையும், மறுபக்கம் தாள்கூட நுழையாது. பட்டி பார்த்து, உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து... வீட்டில் கார் கட்டத் தொடங்கியவர்கள் பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். வெளிநாடுகளில் ‘பாதி முடிந்த கிட் கார் விற்பனைக்கு’ என்ற விளம்பரங்களுக்குப் பஞ்சமே இல்லை.

கீழே எந்த கார்?

ஃபைபர் கூடு ஒரு சட்டைதான். எஞ்சினையும் சக்கரத்தையும் ஆட்களையும் தாங்குவது கீழே இருக்கும் சேஸ். எனவே சேஸ் தனியாக உள்ள ஒரு கார் வேண்டும். நம் ஊரில் சிக்கல் இங்கேதான். மாருதி 800, பழைய ஃபியட் போன்ற கார்களில் மேல்கூடும் சட்டமும் ஒன்றாகவே பற்றவைத்திருக்கும். கூட்டை வெட்டினால் காரே மடங்கும். ஜீப், பொலேரோ போன்றவற்றில் தனிச் சேஸ் உண்டு. ஆனால் அவை உயரம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒத்துவராது.

பொருத்தமான கார் ஒன்று தமிழ்நாட்டிலேயே, அதுவும் இதே ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் வண்டலூர் பக்கம் தயாரானது: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்தால் முன்பக்க மூடி முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறப்பது நினைவிருக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார் அது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து 1971 வரை அதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் முழுக் கூட்டையும் ஒரே துண்டாக அழுத்தித் தரும் ஆலை கிடைக்காததால், ஹெரால்டைத் துண்டு துண்டாகச் செய்து தனிச் சேஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி வடிவமைத்தார்கள். பிற்பாடு அதே சேஸைக் குறுக்கித்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அங்கே எத்தனையோ கிட் கார்களுக்கு ஹெரால்டுதான் அடித்தளம்.

அப்படியானால் ஒரு ஹெரால்டைத் தேடிப் பிடித்து வெட்டலாமா? கூடாது. மிச்சமிருப்பவை கொஞ்சம். அவற்றின் மதிப்பும் மாறிவிட்டது. அது எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

செய்து காட்டியவர்கள்

நம் நாட்டில் யாருமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2000களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் அலிபாக் அருகே சிங்காரா மோட்டார்ஸ் என்ற சிறு நிறுவனம் லோட்டஸ் செவன் சாயலில் ‘ரோட்ஸ்டர் 1.8எஸ்’ என்ற காரைச் செய்து விற்றது. ஃபைபர் கூடு, உள்ளே அம்பாசடரில் வந்த அதே இசுசு 1.8 லிட்டர் எஞ்சின். கனமான அம்பாசடரில் சாதுவாகத் தெரிந்த எஞ்சின், இந்த எடை குறைந்த காரில் சிறுத்தையானது. அதற்கும் முன்பே 1998-ல் சான் மோட்டார்ஸின் ‘ஸ்டார்ம்’ வந்தது. அதுவும் ஃபைபர் உடம்புதான், ஆனால் எதற்கும் நகல் அல்ல. இரண்டுமே பெரிய அளவில் விற்கவில்லை.

தமிழ்நாட்டில் மறக்கக்கூடாத பெயர் கோவை எஸ். கரிவரதன். 1980களின் இறுதியில், மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, தானே வடிவமைத்த சட்டத்தில் ஃபைபர் உடம்பு பூட்டி, ஒற்றை இருக்கைப் பந்தய கார்களை உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று பெயர். வெளிநாட்டு பந்தய காரை இறக்குமதி செய்ய வசதியில்லாத பையன்களும் பந்தயம் ஓட்டலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. பின்னாளில் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. கரிவரதனின் கார்களுக்கு நம்பர் பிளேட் தேவைப்படவில்லை. அவை ஓடியது பந்தயப் பாதையில்.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார்?

இனி அசல் விஷயம். பட்டறையில் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரைத் திண்டிவனத்தின் டி.என். 16, அல்லது விழுப்புரத்தின் டி.என். 32 நம்பரோடு ஓட்ட முடியுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு இதற்குக் குறுக்கே நிற்கிறது. தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். எரிபொருளைக் கேஸுக்கு மாற்றுவது, கெட்டுப்போன எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சின் வைப்பது போன்றவற்றுக்கு முறைப்படி அனுமதி பெறலாம். கூட்டையே வெட்டி வேறு உருவம் தருவதற்கு வழியில்லை. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, விதியை மீறி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

‘பழைய காரே வேண்டாம், சேஸையும் நானே புதிதாகச் செய்கிறேன்’ என்றால்? அப்போது நீங்கள் ஒரு கார் கம்பெனி! விற்பனைக்கு வரும் எந்த மாடலும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் ஒப்புதல் பெற வேண்டும். புனேயில் ஒன்று இருக்கிறது. நம் ஒரகடத்திலும் ஒன்று இருக்கிறது. பிரேக், புகை, மோதல் சோதனை என்று நீளும் அந்தப் பட்டியல், ஆயிரக்கணக்கில் கார் விற்கும் நிறுவனத்துக்குத் தாங்கும். ஒரே ஒரு கார் கட்டுபவருக்கு?

அப்படியென்றால் நாமக்கல்லில் பாடி கட்டும் லாரி எப்படி ஓடுகிறது? அதைக் கம்பெனியே சேஸாகத்தான் விற்கிறது. அதன் மேல் பாடி கட்டுவதற்கென்று தனி விதிமுறைகள் உண்டு. பஸ் பாடிக்கும் அப்படியே. லாரிக்குத் திறந்திருக்கும் இந்தக் கதவு காருக்கு மூடியிருக்கிறது. ஒருகாலத்தில் காருக்கும் திறந்துதான் இருந்தது. ராஜாக்களும் ஜமீன்தார்களும் வெளிநாட்டு காரைச் சேஸாக இறக்கி, இங்கே உள்ள கோச் பட்டறைகளில் பாடி கட்டிக்கொண்டார்கள். சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனமே குதிரை வண்டி கட்டித்தான் பெயர் எடுத்தது.

இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒற்றை காரை அரசு மையத்துக்குக் கொண்டுபோனால், அந்த ஒரு காரை மட்டும் சோதித்துச் சாலை அனுமதி தரும் முறை இருக்கிறது. கூர்மையான விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் 2015-ல் வந்த சட்டம், குறைந்தது 25 ஆண்டு பழைய மாடலின் நகலைச் சிறு நிறுவனம் ஆண்டுக்கு 325 வரை செய்து விற்க அனுமதிக்கிறது. நம் நாட்டில் இரண்டும் இல்லை. நம் சாலைகளில் நடக்கும் விபத்துகளைப் பார்க்கிறவர்களுக்கு அதிகாரிகளின் கண்டிப்பு புரியும். ஆனாலும், திறமையாகக் கட்டிய ஒரு காரைச் சோதித்துப் பார்க்கக்கூட ஒரு கதவு இல்லாதது குறைதான். அதனால்தான் யாரும் கேட்காத பின்வாசல் வழியாகப் பழைய ஆர்.சி.யை வைத்து ஓட்டப் பார்க்கிறார்கள். விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி, ‘ஆர்.சி.யில் இருக்கும் கார் இதுவா?’ என்பதுதான்.

பிறகு என்னதான் செய்வது?

ஹெரால்டு விஷயத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வியாபாரத்துக்குப் பயன்படுத்தாத கார், பைக்குகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்குச் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டத்துக்கு அல்ல. முக்கிய நிபந்தனை: சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமின்றி அசலாக இருக்க வேண்டும்.

அதாவது 1971-ல் வண்டலூரில் இருந்து வந்த கடைசி ஹெரால்டுகளும் இப்போது இந்த வயதை எட்டிவிட்டன. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒன்றை அசல் உருவத்துக்கே மீட்டால் அது சட்டம் மதிக்கும் சொத்து. அதையே வெட்டி ஃபைபர் கூடு போட்டால், நம்பரும் கிடைக்காத நகல்.

புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற கை அரிப்பு உள்ளவர்களுக்குப் பந்தயப் பாதை இருக்கிறது. பொறியியல் மாணவர்களுக்கான ‘ஃபார்முலா பாரத்’ போட்டி கரி ஸ்பீட்வேயில் நடந்து வருகிறது. ஒரு கல்லூரி அணி, குழாய்களை வளைத்துப் பற்றவைத்துத் தானே சட்டம் செய்து, எஞ்சினோ மோட்டாரோ வைத்து, ஃபைபர் மூக்கைப் பூட்டிக் கொண்டுவர வேண்டும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளே இருக்கின்றன. மரக்காணத்தில் ஃபைபர் வித்தை தெரிந்த கைகள் இருக்கின்றன.

அங்கே சோதனையும் சும்மா இல்லை. ஓடவிடும் முன் பிரேக்கை அழுத்தினால் நாலு சக்கரமும் ஒருசேர இறுகி நிற்க வேண்டும். காரை ஒரு மேடையில் ஏற்றி, ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருக்க, 60 டிகிரி சாய்ப்பார்கள். ஒரு சக்கரம் மேடையைவிட்டு எழும்பினாலோ, எண்ணெய் ஒரு சொட்டு கசிந்தாலோ, சரிசெய்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.